ஃபெராரியில் தங்குவதா, லான்சியாவுக்குப் போவதா? 1953 இறுதியில் அஸ்காரி எதிர்கொண்ட கேள்வி

1953ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஆல்பெர்த்தோ அஸ்காரிக்கு முப்பத்தைந்து வயது. ஃபெராரி அணிக்காகத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கிராண்ட் பிரீ உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தார். 1952இல் ஆறு, 1953இல் ஐந்து என்று அவர் குவித்த வெற்றிகளுக்கு அன்றைக்கு ஈடு கிடையாது. அப்படிப்பட்டவர் அந்தக் குளிர்காலத்தில் ஃபெராரியை விட்டு விலகி, ஒரு கிராண்ட் பிரீ காரைக்கூட அதுவரை களத்தில் இறக்கியிராத லான்சியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு முழுவதும் சாம்பியன் பட்டக் கணக்கில் அவர் பெற்றவை 1.14 புள்ளிகள் மட்டுமே. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று அவருடைய முடிவை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதற்கு அந்த எண் மிகவும் வசதியானது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. அவர் பிழை செய்தார் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த அணியைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் அந்தப் பிழை இல்லை என்பதே என் எண்ணம்.

இதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அஸ்காரியை இன்று நாம் கிராண்ட் பிரீ ஓட்டுநராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய காலத்து இத்தாலியில் அப்படியொரு பிரிவினை இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒற்றை இருக்கைக் காரில் மூடிய தடத்தில் ஓடிய அதே மனிதர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் ஊர்களுக்கு நடுவே, பொதுச் சாலையில், மணிக்கணக்காக ஓட்டுவார். ஓர் அணியோடு ஒப்பந்தம் செய்வது என்றால் இந்த இரண்டு தொழில்களுக்கும் சேர்த்தே செய்வதாகும். ஆகவே 1953 இறுதியில் அஸ்காரியின் முன் இருந்த வழிகளை நிறுத்துப் பார்க்கும்போது, கிராண்ட் பிரீ புள்ளிகளை மட்டும் தராசில் வைப்பது அரைக்கணக்கு ஆகிவிடும்.

அவருடைய கார்ப் பந்தய வாழ்க்கை தொடங்கியதே ஸ்போர்ட்ஸ் காரில்தான். ஆல்ஃபா ரோமியோவை விட்டு வெளியேறிய என்ஸோ ஃபெராரி, தன் பெயரைப் பந்தயக் கார்களுக்கு நான்கு ஆண்டுகள் சூட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. அதனால் 1940இல் அவர் உருவாக்கிய முதல் கார் அவருடைய பெயர் இல்லாமல், வெறுமனே '815' என்று வெளிவந்தது. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர் என்பதே அந்த எண்ணின் பொருள். ஃபியட் காரின் பாகங்களை வைத்துக் கட்டப்பட்ட இரண்டே இரண்டு கார்களில் ஒன்றை, இத்தாலியின் நீண்ட சாலைப் பந்தயமான மில்லே மிலியாவில் அந்த ஆண்டு ஓட்டியவர் இருபத்தோரு வயது அஸ்காரி. தன் பிரிவில் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது இன்ஜின் பழுதாகி நின்றுபோனார். ஃபெராரி கட்டிய முதல் காரின் ஓட்டுநர் என்ற பெருமை அவருக்கு உண்டு என்பதை இங்கே ஞாபகப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவர் விட்டு விலகியது, அவரைத் தவிர்த்து வரலாறு எழுதவே முடியாத ஒரு வீட்டை.

போருக்குப் பிறகு மாசெராட்டியில் ஓட்டிவிட்டு, 1949இல் ஃபெராரிக்கு வந்தார். அதன் பின் அவருடைய ஸ்போர்ட்ஸ் கார்க் கணக்கு, கிராண்ட் பிரீ கணக்கைப் போல அவ்வளவு பளபளப்பாக இல்லை. 1951 மில்லே மிலியாவில் அவருடைய கார் சாலையை விட்டு விலகிப் பாய்ந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அதற்குப் பின் அந்தப் பந்தயத்தின் மீதே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அனைவரையும்விட வேகமான சுற்றை ஓட்டிக் காட்டினார்; ஆனால் கிளட்ச் பழுதாகி விலக நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், சக ஃபெராரி ஓட்டுநர் ஃபரீனாவுடன் சேர்ந்து 1000 கிலோமீட்டர் பந்தயத்தை வென்றார். ஸ்போர்ட்ஸ் கார்களில் அவருடைய திறமைக்கேற்ற பெரிய வெற்றி இன்னும் வந்து சேரவில்லை என்பதே 1953 இறுதியின் நிலவரம்.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, இருந்த இடத்திலேயே இருப்பது.

ஃபெராரியில் தங்குவதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவை நிறையவே இருந்தன. அந்த ஆண்டுதான் முதன்முதலாக நடத்தப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் உலகச் சாம்பியன் பட்டத்தையும் ஃபெராரியே வென்றிருந்தது. பொறியாளர் அவுரேலியோ லாம்ப்ரெடி வடிவமைத்த நான்கு சிலிண்டர் 'ஃபெராரி 500' என்ற கார், அஸ்காரியின் கைகளில் இரண்டு ஆண்டுகளாகத் தோல்வியையே ஏறக்குறைய மறந்திருந்தது. என்ஸோ ஃபெராரிக்கும் அஸ்காரியின் குடும்பத்துக்குமான உறவோ அதைவிடப் பழையது. ஆல்பெர்த்தோவின் தந்தை அந்தோனியோ அஸ்காரியும் என்ஸோவும் 1920களில் ஆல்ஃபா ரோமியோவில் தோழர்கள். 1925 ஜூலை 26 அன்று பாரிஸுக்கு அருகே மோன்லெரியில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த அந்தோனியோ விபத்தில் இறந்தபோது ஆல்பெர்த்தோவுக்கு ஏழு வயது. நண்பரின் மகனுக்கு முதல் காரைக் கொடுத்ததில் என்ஸோவின் வியாபாரக் கணக்கு மட்டும் இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த் தட்டிலும் கனம் குறைவில்லை. 1954 முதல் கிராண்ட் பிரீ விதிகள் மாறவிருந்தன. இரண்டு லிட்டருக்குப் பதிலாக இரண்டரை லிட்டர் இன்ஜின்கள் வரவிருந்தன. இரண்டு ஆண்டுகளாக வென்ற கார் இனி அப்படியே செல்லாது. அதற்கு ஃபெராரி வைத்திருந்த விடையோ, பழைய காரின் உடம்பிலேயே பெரிய இன்ஜினைப் பொருத்திய '625'உம், இன்னும் பக்குவப்படாத 'ஸ்குவாலோ'வும்தான். இதற்கு மேல் பணப் பிரச்சினை இருந்தது. உலகச் சாம்பியனுக்குரிய ஊதியத்தை அஸ்காரி எதிர்பார்த்தார். ஓட்டுநரைவிடக் காரே பெரிது என்ற எண்ணத்தை என்ஸோ ஒருபோதும் மறைத்ததில்லை. பந்தயத்தை விட்டே விலகப்போகிறேன் என்று அவ்வப்போது அறிவித்து, இத்தாலியத் தொழிலதிபர்களின் பையைத் திறக்கவைப்பதும் அவருடைய பழக்கம். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒரு மனிதன், அடுத்த ஆண்டு அணி இருக்குமா என்பதே உறுதியில்லாத இடத்தில், குறைந்த ஊதியத்துக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நட்பின் பேரிலும் நியாயமில்லை.

இரண்டாவது வழியான லான்சியாவைத்தான் நான் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். ஏனெனில் இதைச் சூதாட்டம் என்று சொல்பவர்கள், அப்போது டூரின் நகரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நிறுவனத்தை நடத்தியவர் ஜியான்னி லான்சியா. தந்தை வின்சென்சோ 1906இல் தொடங்கிய தொழிலை ஏற்று நடத்திய அவருக்கு அப்போது வயது இருபத்தொன்பது, என்ஸோவுக்கு ஐம்பத்தைந்து. கையை இறுக்கிப் பழகிய மூத்தவர் ஒருபுறம், கையைத் திறந்து செலவழிக்கும் இளையவர் மறுபுறம் என்று வேறுபாடு கண்ணெதிரே தெரிந்தது. ஜியான்னியின் பொறியாளர் வித்தோரியோ யானோ. அந்தோனியோ அஸ்காரி இறந்த அன்று ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ 'பி2' காரை வடிவமைத்தவரும் இதே யானோதான். அவரை 1923இல் ஃபியட்டிலிருந்து ஆல்ஃபாவுக்கு அழைத்துவருவதில் பங்கெடுத்தவரோ என்ஸோ ஃபெராரி. ஆக, ஆல்பெர்த்தோவின் முன் நின்ற இரண்டு கதவுகளுக்குப் பின்னாலும் தந்தையின் காலத்து மனிதர்களே நின்றார்கள். பாசத்தை வைத்து முடிவெடுக்க நினைத்திருந்தாலும் தராசு எந்தப் பக்கமும் சாய்ந்திருக்காது.

சாய்த்தவை யானோவின் கார்கள். 1953இல் லான்சியாவின் 'டி20' சிசிலியின் தார்கா ஃப்ளோரியோ சாலைப் பந்தயத்தை வென்றது. அந்த ஆண்டு நவம்பரில், மெக்சிகோவை ஊடறுத்துச் சென்ற கரேரா பனமெரிக்கானா பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் லான்சியா கார்களே பிடித்தன; அவற்றுள் முதலிரண்டும் 'டி24'. அர்ஜென்டினாவின் ஃபான்ஜியோ, இத்தாலியர்களான தாருஃபி, கஸ்தெல்லோத்தி என்பது ஓட்டுநர்களின் வரிசை. அதே பந்தயத்தில் லான்சியாவின் மற்றோர் ஓட்டுநரான ஃபெலிச்சே போனெத்தோ உயிரிழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாலைப் பந்தயம் என்ன விலை கேட்கும் என்பது அஸ்காரிக்குத் தெரியாத ஒன்றல்ல. ஆனாலும் அவர் கையெழுத்துப் போடுவதற்குச் சில வாரங்களுக்கு முன், உலகத்தின் மிக நீண்ட, மிகக் கடினமான சாலைப் பந்தயங்களுள் ஒன்றில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த அணி லான்சியாதான். ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை அவர் கனவுக்குப் பின்னால் போகவில்லை. கண்முன்னே ஓடி வென்ற வண்டியை நோக்கியே போனார்.

கிராண்ட் பிரீக்கான 'டி50' மட்டும் இன்னும் வரைபடத்திலும் பட்டறையிலும் இருந்தது. ஆனால் அது என்ன வரைபடம்! வி8 இன்ஜினையே காரின் எலும்புக்கூட்டின் ஒரு பகுதியாக்கி, அதைச் சற்றே கோணலாக வைத்து, சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு ஓட்டுநரின் கீழே போகாமல் பக்கவாட்டில் போகும்படி யானோ அமைத்திருந்தார். அதனால் ஓட்டுநர் தாழ்ந்து உட்கார முடிந்தது. பெட்ரோல் டேங்க் பின்னால் தொங்காமல், இருபுறமும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு பைகளைப் போல இருந்தது. பந்தயம் செல்லச்செல்லப் பெட்ரோல் குறைந்தாலும் காரின் எடை முன்னும் பின்னும் ஒரே அளவாகவே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இதைக் காகிதத்தில் பார்த்த எந்த ஓட்டுநருக்கும் கை துறுதுறுத்திருக்கும். ஆனால் இவ்வளவு புதுமைகளை ஒரே காரில் அடுக்கினால் அது சொன்ன நாளில் பட்டறையை விட்டு வெளியே வராது என்பதும் அதே காகிதத்திலேயே எழுதியிருந்தது. லான்சியா என்ற தேர்வின் உண்மையான பலவீனம் இதுதான்.

லான்சியா ஊதியத்தைத் தாராளமாகக் கொடுத்தது. அஸ்காரியின் ஆசானும் ஆருயிர் நண்பருமான லூயிஜி வில்லோரேசியும் கூடவே சென்றார். மில்லே மிலியாவில் ஓட்ட வேண்டிய கட்டாயமும் அஸ்காரிக்கு இருக்கவில்லை.

மூன்றாவது வழியான மாசெராட்டியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புதிய விதிகளுக்கென்றே செய்யப்பட்ட '250எஃப்' கார், பருவத்தின் முதல் பந்தயத்துக்கே தயாராக இருந்தது. ஓட்டுவதற்கு இணக்கமான, நேர்மையான கார் என்று எல்லா ஓட்டுநர்களாலும் பாராட்டப்பட்டது. ஆனால் பணவளத்தில் அந்த நிறுவனம் லான்சியாவுக்கு ஈடில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களில் அன்று அதன் பலம் இரண்டு லிட்டர் பிரிவோடு நின்றுவிட்டது. ஒட்டுமொத்த வெற்றிக்கு அது போதாது. நிரந்தர வீடாக மாசெராட்டி அஸ்காரிக்குப் பொருந்தியிராது. தற்காலிகத் தங்குமிடமாக எப்படியிருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மெர்சிடிஸ், 1952இல் லெ மானையும் மெக்சிகோவையும் வென்ற கையோடு, 1954இல் கிராண்ட் பிரீக்குத் திரும்பவிருந்தது. அவர்களும் அந்த ஆண்டின் நடுப்பகுதிவரை தயாராகவில்லை. அவர்கள் தெரிந்தெடுத்த முதன்மை ஓட்டுநர் ஃபான்ஜியோ. அந்த இடம் நிரம்பிய பின் அஸ்காரியைப் பொறுத்தவரை இதை ஒரு வழியாகக் கருதுவதில் பொருளில்லை.

ஆகவே 1954 ஜனவரியில் தெரிந்திருந்த செய்திகளை மட்டும் வைத்துப் பார்த்தால், ஸ்போர்ட்ஸ் காருக்கும் பணத்துக்கும் லான்சியா, உடனடியாக ஓடக்கூடிய கிராண்ட் பிரீ காருக்கு ஃபெராரி அல்லது மாசெராட்டி என்று கணக்கு நின்றது. அஸ்காரி லான்சியாவைத் தேர்ந்தெடுத்தார். விளைவுகளை வரிசையாகப் பார்ப்போம்.

மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் லான்சியா அணி பெரும்படையோடு இறங்கியது. அஸ்காரியின் கார் பாதியில் நின்றது. மே மாதம் மில்லே மிலியா வந்தது. அவர் ஓட்டுவதாகவே இல்லை. ஆனால் வில்லோரேசி அதற்கு முன் விபத்தில் காயமடைந்துவிட்டதால், நண்பரின் இடத்தை நிரப்ப அவர் ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் உயிர் போனதைக் கண்ட அதே பந்தயத்துக்கு அவர் திரும்பிப் போனது, ஒப்பந்தக் கட்டாயத்தால் அல்ல என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பிரெஷியா நகரில் புறப்படும் மேடையில் ஒவ்வொரு காருக்கும் அது புறப்படும் நேரமே எண்ணாக எழுதப்படும். அஸ்காரியின் டி24 காரின் பக்கவாட்டில் 602 என்று இருந்தது. அதாவது காலை 6 மணி 2 நிமிடம். ரோம்வரை சென்று திரும்பும், ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் பாதை. பக்கத்து இருக்கையில் துணைக்கு ஆளில்லை. தொடக்கத்தில் வேகம் காட்டியவர் அதே அணியைச் சேர்ந்த தாருஃபி. அவர் விலக நேர்ந்ததும், கஸ்தெல்லோத்தியும் ஒதுங்கிய பின், லான்சியாவின் பாரம் முழுவதும் அஸ்காரியின் தோளுக்கு வந்தது. வழியில் ஆக்சிலரேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் அறுந்துபோக, அதற்குப் பதிலாக ஒரு ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள வி6 இன்ஜினை, மலை வளைவுகளில், ஒரு ரப்பர் பட்டையை நம்பி ஓட்டுவது என்றால் வலக்காலில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதைக் கார் ஓட்டுபவர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். 11 மணி 26 நிமிடம் 10 வினாடியில் பிரெஷியாவை அடைந்தார். சராசரி வேகம் மணிக்கு 139 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டாவதாக வந்த வித்தோரியோ மர்ஸோத்தோவின் ஃபெராரி சுமார் 34 நிமிடம் பிந்தியிருந்தது. மர்ஸோத்தோவுக்கும் மூன்றாவதாக வந்த லூயிஜி முஸ்ஸோவுக்கும் இடையே இருந்ததோ வெறும் சில வினாடிகள். முதலிடத்துக்கும் மற்ற இடங்களுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை இந்த ஒப்பீடே காட்டிவிடும்.

ஒரு பழைய காயத்தை ஆற்றிய வெற்றி இது என்று சொன்னால் மிகையாகாது. இத்தாலிய மக்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்த பந்தயம் மில்லே மிலியா. அதை வெல்லாமல் ஓர் இத்தாலிய ஓட்டுநரின் பெயர் முழுமை பெறாது. லான்சியாவின் டி24 இல்லாமல் அந்த வெற்றி அவருக்குக் கிடைத்திருக்குமா என்றால், 1954இல் ஃபெராரியின் பெரிய கார்கள் எவையும் அந்தப் பந்தயத்தின் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை என்பதே என் விடை. மர்ஸோத்தோ ஓட்டியது இரண்டு லிட்டர் கார்.

கிராண்ட் பிரீ பக்கமோ முற்றிலும் வேறு கதை. டி50 வரவில்லை, மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. ஜனவரியில் அர்ஜென்டினாவிலும் ஜூனில் பெல்ஜியத்திலும் பந்தயங்கள் நடந்தபோது, நடப்பு உலகச் சாம்பியன் களத்திலேயே இல்லை. ஜூலையில் லான்சியா அவரை மற்றவர்களின் கார்களில் ஓட அனுமதித்தது. பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்த ரைம்ஸில் மாசெராட்டியில் ஏறினார். முதல் சுற்றிலேயே கார் நின்றது. பிரிட்டனில் மறுபடியும் மாசெராட்டி, மறுபடியும் பழுது. அங்கே நேரத்தை முழு வினாடிகளாக மட்டுமே அளந்ததால், மிக வேகமான சுற்றுக்குரிய ஒரு புள்ளியை ஏழு ஓட்டுநர்களுக்குப் பங்கிட வேண்டியதாயிற்று. 1.14 என்ற விசித்திர எண்ணின் பின்னப் பகுதி அங்கிருந்து வந்தது. செப்டம்பரில் இத்தாலியின் மொன்சா தடத்தில், விட்டு வந்த ஃபெராரியிலேயே ஏறி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது இன்ஜின் போயிற்று. கடைசியாக அக்டோபர் 24 அன்று, பார்சலோனாவின் பெத்ரால்பெஸ் தடத்தில் டி50 அறிமுகமானது. தகுதிச் சுற்றில் ஃபான்ஜியோவின் மெர்சிடிஸைவிட ஒரு வினாடி வேகமாக ஓடி, தொடக்க வரிசையில் முதலிடம் பிடித்தார். பந்தயத்திலும் முன்னே சென்று, மிக வேகமான சுற்றையும் ஓட்டினார். பத்தாவது சுற்றுக்குள் கிளட்ச் கைவிட்டது.

இங்கேதான் ஃபான்ஜியோவைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஃபான்ஜியோ எடுத்த முடிவுக்கும் அஸ்காரி எடுத்த முடிவுக்கும் அடிப்படையில் வேறுபாடு கிடையாது. தயாராகாத காரை வைத்திருந்த பணக்கார நிறுவனத்தையே இருவரும் நம்பினார்கள். ஆனால் மெர்சிடிஸ் ஜூலை வரை வராது என்று தெரிந்த ஃபான்ஜியோ, இடைப்பட்ட மாதங்களைச் சும்மா கழிக்கவில்லை. மாசெராட்டி 250எஃப் காரில் ஏறி, ஜனவரி 17 அன்று அர்ஜென்டினாவையும், ஜூன் 20 அன்று பெல்ஜியத்தையும் வென்றார். ஜூலை 4 அன்று ரைம்ஸில் மெர்சிடிஸில் அமர்ந்தபோதே, அவருடைய கணக்கில் பதினேழு புள்ளிகள் இருந்தன. பின்னர் மெர்சிடிஸில் மேலும் நான்கு வெற்றிகளோடு பட்டத்தைப் பெற்றார். நிரந்தர வீடாகப் பொருந்தாத மாசெராட்டி, ஆற்றைக் கடக்கும் பரிசலாக எவ்வளவு நன்றாகப் பயன்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அஸ்காரியும் அதே பரிசலைத்தான் கடைசியில் பிடித்தார். ஆனால் ஆறு மாதம் தாமதமாக, லான்சியாவின் அனுமதிக்குக் காத்திருந்து, வேறு யாருக்காகவோ ஒதுக்கப்பட்ட காரில். லான்சியாவின் ஸ்போர்ட்ஸ் கார் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தாலும், செப்ரிங் மார்ச்சிலும் மில்லே மிலியா மே தொடக்கத்திலும் இருந்தன. அர்ஜென்டினாவோடும் பெல்ஜியத்தோடும் அவை மோதவே இல்லை. டி50 தடத்தில் இறங்கும் நாள்வரை எந்த அணியின் கிராண்ட் பிரீ காரையும் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தால், லான்சியாவின் ஊதியம், மில்லே மிலியா, கிராண்ட் பிரீ ஆகிய மூன்றும் அவர் கையில் இருந்திருக்கும். நான் தொடக்கத்தில் சொன்ன பிழை இந்த ஒரு வரி இல்லாமையே. உலகச் சாம்பியன் கேட்டிருந்தால், இருபத்தொன்பது வயது ஜியான்னி மறுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

இதற்கு எதிராக ஒருவர் கேட்கலாம்: ஃபெராரியிலேயே இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காதே? 1954இல் ஃபெராரி உலகச் சாம்பியன் பட்டத்துக்கான கிராண்ட் பிரீக்களில் இரண்டைத்தான் வென்றது. பிரிட்டனில் கொன்சாலெஸ், ஸ்பெயினில் ஹாதார்ன். பட்டியலில் இரண்டாம் இடம் கொன்சாலெஸுக்கு. அவர்களைவிட வேகமான அஸ்காரி கூடுதலாக ஓரிரு வெற்றிகளைப் பெற்றிருக்கலாம். ஆனால் ஆறு வெற்றிகளோடு நின்ற ஃபான்ஜியோவை அந்தக் காரில் முந்தியிருப்பார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஸ்போர்ட்ஸ் காரில் ஃபெராரி அந்த ஆண்டு லெ மானையும் மெக்சிகோவையும் வென்றது. உலகப் பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டது. ஆகவே தங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது, இரண்டாம் இடமும் ஒருவேளை லெ மானும். போனதால் கிடைத்தது மில்லே மிலியாவும் நல்ல ஊதியமும் ஒரு வெற்று ஆண்டும். இவற்றில் எது பெரிது என்பதில் நியாயமானவர்கள் வேறுபடலாம். நானாக இருந்தால் லான்சியாவையே தேர்ந்தெடுத்திருப்பேன், அந்த ஒரு வரியைச் சேர்த்து.

காத்திருந்ததன் பலன் 1955இல் தெரியத் தொடங்கியது. மார்ச்சில் டூரினின் வலென்டினோ பூங்காவிலும், மே 8 அன்று நேப்பிள்ஸிலும் டி50 காரில் வென்றார். இவை உலகப் பட்டக் கணக்கில் சேராத பந்தயங்கள். மே 22 அன்று மொனாக்கோவில், தகுதிச் சுற்றில் ஃபான்ஜியோவும் அவரும் வினாடியின் பத்தில் ஒரு பங்குகூட வேறுபாடில்லாமல் ஒரே நேரத்தைப் பதிவுசெய்தார்கள். பந்தயத்தில் ஃபான்ஜியோ விலகினார். 81ஆவது சுற்றில், முன்னணியில் இருந்த ஸ்டெர்லிங் மாஸின் மெர்சிடிஸும் இன்ஜின் பழுதாகி நின்றது. பந்தயம் அஸ்காரியின் கைக்கு வரவேண்டிய அதே சுற்றில், அவருடைய டி50 வளைவில் கட்டுப்பாடிழந்து, தடுப்பைத் தாண்டித் துறைமுகத் தண்ணீரில் விழுந்தது. நீந்தி மேலே வந்து படகில் ஏறினார். மூக்கில் அடி, உடம்பில் சிராய்ப்புகள், அவ்வளவே.

லான்சியா அப்போது ஸ்போர்ட்ஸ் கார்ப் பந்தயத்தை நிறுத்திவிட்டிருந்ததால், அந்த வகைப் பந்தயங்களில் தன் ஓட்டுநர்கள் ஃபெராரியில் ஓட்டுவதற்கு அனுமதித்திருந்தது. மே 26, வியாழக்கிழமை. மொன்சாவில் கஸ்தெல்லோத்தி, வரவிருந்த பந்தயத்துக்காக ஃபெராரி '750 மொன்சா' காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தப் பந்தயத்தில் அவரோடு மாறிமாறி ஓட்டுவதாக இருந்த அஸ்காரி பார்க்க வந்தார். கோட்டும் டையும் அணிந்து, ஓட்டும் நோக்கமே இல்லாத உடையில். விபத்துக்குப் பிறகு நீண்ட நாள் தள்ளிப்போட்டால் பயம் மனத்தில் குடியேறிவிடும் என்பது ஓட்டுநர்களின் பழைய நம்பிக்கை. சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். வெளிர் நீல நிறத்தில் தனக்கென்று ஒரு ஹெல்மெட் வைத்திருந்தவர் அவர். சகுனம் பார்ப்பதில் மிகவும் பிடிவாதமானவர். அந்த ஹெல்மெட் மொனாக்கோவில் சேதமாகிப் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டிருந்தது. கஸ்தெல்லோத்தியின் ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மூன்றாவது சுற்றில், வியாலோனே வளைவில் கார் புரண்டது. சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. தந்தையைப் போலவே மகனும் முப்பத்தாறு வயதில், ஒரு மாதத்தின் 26ஆம் நாளில் இறந்ததை எண் ஜோதிடக்காரர்கள் இன்றைக்கும் விடுவதில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. தன் பிள்ளைகள் தன்னிடம் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளக் கூடாது, ஒருநாள் திரும்பி வராமல் போனால் அவர்கள் குறைவாகத் துன்பப்பட வேண்டும் என்பதற்காகவே வீட்டில் அவர் கண்டிப்பாக இருந்தார் என்று என்ஸோ ஃபெராரி பின்னாளில் எழுதினார். ஏழு வயதில் தந்தையை இழந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய கணக்கு அது. 1953 குளிர்காலத்தில் அதிக ஊதியத்தை அவர் பெரிதாக எண்ணியதைப் பேராசை என்று சொல்லும் முன் இதையும் பார்க்க வேண்டும்.

அவர் இறந்ததும் லான்சியா பந்தயத்தைக் கைவிட்டது. நிறுவனம் ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1955 ஜூலை 26 அன்று, அந்தோனியோ அஸ்காரி இறந்து சரியாக முப்பது ஆண்டுகள் முடிந்த நாளில், டூரினில் லான்சியாவின் முற்றத்தில் ஆறு டி50 கார்களும் உதிரிபாகங்களும் என்ஸோ ஃபெராரியின் ஆட்களிடம் ஒப்படைக்கப்பட்டன. யானோவும் ஆலோசகராக அவற்றோடு போனார். அடுத்த ஆண்டு, ஃபெராரியின் பெயரில் ஓடிய அதே கார்களில், ஃபான்ஜியோ உலகச் சாம்பியனானார்.